நெடுந்தூர இலக்கு: மருந்தும் சன்னமும்

எறியங்களின் இயக்கத்தைக் கற்பிக்கும்போது "வளியின் தடையைப் புறக்கணிக்குக" என்னும் வாக்கியத்தை நாம் மாணவர்க்கு முதலிலேயே சொல்லிவிடுகின்றோம். அவ்வாறு சொன்ன மாத்திரத்தில் எறியம் செல்லும் பாதை அழகிய பரவளைவாகின்றது, கணக்கும் எளிதாகின்றது. சில காலத்தின் முன் உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் எழுந்து, "புறக்கணியாவிட்டால் என்ன ஆகும், சேர்?" என்று வினவினான். அன்று யான் அளித்த விடை எனக்கே நிறைவு தரவில்லை. தக்க விடையைத் தேடிச் சென்றபோது, மேனாடுகளிற் பயிலப்படும் நெடுந்தூர இலக்குச் சுடுதல் என்னும் விளையாட்டே அதற்குச் சிறந்த பாடசாலையாக அமையக் கண்டேன். அவ்விளையாட்டினர் தமக்கு வேண்டிய தோட்டாக்களைத் தாமே அளந்து ஆக்கிக்கொள்வர். எம்மருந்தைத் தெரிவது, எச்சன்னத்தைத் தெரிவது என்னும் அவர்தம் ஆராய்ச்சியை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சன்னம் என்னுஞ் சொல்லை எம் தலைமுறையினர் நூல்களிற் கற்றோமல்லோம். சுவர்களிலும் பனைமரங்களிலும் அது விட்டுச்சென்ற துளைகளைக் கண்டே கற்றோம். ஆதலின் இப்பொருளைப் பற்றி எழுதலாமோ என யானே பன்முறை தயங்கினேன். எனினும் ஈண்டுப் பேசப்படும் இலக்கு கடுதாசியாலாயது. அதனைச் சுடுவோர்க்கு வேண்டுவன பொறுமையும் அளவையறிவுமேயாம். தீயைப் பற்றி எழுதுவோன் தீவைக்கச் சொல்பவனல்லன் என்பதை அறிவுடையோர் அறிவர்.

பழைய வரலாறு

எறியத்தின் பாதை பரவளைவு என்பதைக் கலிலியோ 1638 ஆம் ஆண்டில் வெளிவந்த தமது நூலில் நிறுவினார். வளியின் தடை அவ்விதியைச் சிதைக்கும் என்பதை அவரும் அறிந்திருந்தார். ஆயினும் அத்தடை எத்துணைப் பெரிதென்பதை அளந்து காட்டியவர் இங்கிலாந்து நாட்டுக் கணித அறிஞர் பெஞ்சமின் றொபின்சு ஆவர். பீரங்கிக் கலையின் புதிய தத்துவங்கள் எனப் பொருள்படும் நூலை அவர் 1742 இல் வெளியிட்டார். கனத்த ஊசலொன்றிற் பலகையைப் பொருத்தி, அதனுட் குண்டைப் பாயச்செய்து, ஊசல் எழுந்த அளவைக் கொண்டு குண்டின் வேகத்தைக் கணித்தமை அவர் செய்த அருஞ்செயலாகும். துவக்கினின்று ஊசலை வெவ்வேறு தூரத்தில் வைத்துப் பார்த்தபோது, குண்டு இடைவழியில் இழந்த வேகம் முன்னையோர் எண்ணியதினும் மிகப் பெரிதாயிருந்தது. அந்நூலைக் கணிதப் பேரறிஞர் ஒயிலர் 1745 இல் தம் விளக்கங்களுடன் செருமன் மொழியில் வெளியிட்டார். இத்தகைய றொபின்சு, கிழக்கிந்தியக் கம்பனியின் பொறியியலாளராகத் தமிழ்நாட்டுக்கு வந்து, கடலூரை அடுத்த புனித தாவீது கோட்டையில் 1751 இல் உயிர்துறந்தார் என்பது நம்மவர் பலரும் அறியாத செய்தி.

இலக்குச் சுடுதல் ஒழுங்கான விளையாட்டாக வளர்ந்தது 19 ஆம் நூற்றாண்டிலாகும். இங்கிலாந்தின் தேசிய றைபிள் சங்கம் தனது முதற் போட்டியை 1860 இல் விம்பிள்டன் வெளியில் நடாத்தியது. 1890 இல் அப்போட்டிகள் பிஸ்லி என்னுமிடத்துக்கு மாற்றப்பட்டன. அமெரிக்காவில் நியூயோர்க்கை அடுத்த கிறீட்மூர்த் திடலில் 1874 இல் அயர்லாந்து அணியும் அமெரிக்க அணியும் 800, 900, 1000 யார் தூரங்களிற் சுட்டுப் போட்டியிட்டன. அமெரிக்கர் 934 புள்ளியும் அயர்லாந்தினர் 931 புள்ளியும் பெற்றனர். அயர்லாந்து வீரர் ஒருவர் தவறிப் பிறிதோர் இலக்கிற் சுட்ட ஒரு குண்டே வெற்றியை மாற்றிற்று என்பர். 1000 யார் என்பது அரை மைலுக்கும் மேற்பட்ட தூரம். அத்துணைத் தூரத்திற் போட்டி மூன்று புள்ளிகளால் தீர்வதாயின், தோட்டாவின் ஒவ்வோர் உறுப்பும் ஆராயப்படுதல் இயல்பேயன்றோ?

தோட்டாவுக்கு உறுப்புக்கள் நான்கு. பித்தளைக் கூடு, அதன் அடியில் தீமூட்டும் கேப்பு, கூட்டினுள் மருந்து, வாயிற் பொருத்திய சன்னம் என்பன அவை. கூட்டைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். ஏனைய மூன்றும் ஒவ்வொரு முறையும் புதியனவாக இடப்படும். சில போட்டிகளில் அனைவர்க்கும் ஒரே தோட்டா வழங்கப்படும். வேறு சிலவற்றிற் போட்டியாளர் தாமே ஆக்கிய தோட்டாக்களைக் கொண்டுவரலாம். இங்கு நாம் ஆராய்வது பின்னையதையே.

சன்னத்தைத் தெரிதல்

அறிவுடைய இலக்காளர் முதலிற் சன்னத்தைத் தெரிந்து, பின்னரே அதற்கு இயைந்த மருந்தைத் தேடுவர். காரணம் வருமாறு. மருந்தின் தொழில் குழலின் வாயோடு முடிந்துவிடுகின்றது. எஞ்சிய ஆயிரம் யாரும் சன்னம் தனித்தே செல்லவேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். சன்னத்தின் நிறையை மேனாட்டார் கிறெயின் என்னும் அளவாற் கூறுவர். 7000 கிறெயின் ஓர் இறாத்தலாகும். நம் பொற்கொல்லர் கண்ட குன்றிமணி ஏறக்குறைய 2 கிறெயின் நிறையுடையது. 0.308 அங்குல விட்டமும் 175 கிறெயின் நிறையும் உடைய சன்னமொன்று செக்கனுக்கு 2600 அடி வேகத்துடன் புறப்படுவதாகக் கொள்க. வளியே இல்லையாயின் 1000 யாரை அது 1.15 செக்கனிற் கடந்துவிடும்; அதற்குள் புவியீர்ப்பால் 21 அடியளவு தாழும். வளியிலோ அது இலக்கை அடைய ஏறக்குறைய 1.7 செக்கன் ஆகின்றது. தாழ்வும் 35 அடியளவாகின்றது. புறப்பட்ட வேகத்தில் பாதிக்கும் மேற்பட்ட பகுதியை இழந்து, செக்கனுக்கு 1200 அடியளவான வேகத்துடனேயே அது இலக்கைச் சேர்கின்றது. அம்மாணவனின் வினாவுக்கு முதல் விடை இதுவேயாம்.

தாழ்வு பெரிதாயினும் அது இலக்காளரை அச்சுறுத்துவதில்லை. புவியீர்ப்பு மாறாதது, ஆதலின் தாழ்வை முன்னரே கணித்துக் குறிப்பார்க்கும் கருவியை அதற்கேற்ப உயர்த்திக்கொள்ளலாம். அச்சந் தருவது பக்கக் காற்றே. அது கணத்துக்குக் கணம் மாறுவது. இங்கே ஒரு வியப்பான விதி உண்டு. பக்கக் காற்றினாற் சன்னம் விலகும் அளவு, அது பறந்த நேரம் முழுவதையும் பொறுத்ததன்று. வளியின் தடையால் நேர்ந்த தாமதத்தையே பொறுத்தது. வெற்றிடத்தில் ஆகும் நேரத்தை உண்மையான நேரத்தினின்று கழித்து, எஞ்சியதைக் காற்றின் வேகத்தாற் பெருக்கினால் விலகல் கிடைக்கும். மேற்கூறிய சன்னத்துக்குத் தாமதம் 0.55 செக்கன். மணிக்கு 10 மைல் வீசும் காற்று செக்கனுக்கு 14.7 அடி செல்வது. இரண்டையும் பெருக்க விலகல் 8 அடியாகின்றது. காற்றை மணிக்கு ஒரு மைல் அளவு தவறாக மதிப்பிட்டால் சன்னம் 9 1/2 அங்குலத்துக்கு மேல் விலகும். அமெரிக்கத் தேசிய றைபிள் சங்கத்தின் 1000 யார் இலக்கிற் பத்துப்புள்ளி வட்டத்தின் ஆரை 10 அங்குலமே. காற்றை அறிவதிற் செய்யும் இச்சிறு பிழை ஒன்றே அவ்வட்டத்தின் விளிம்புவரை சன்னத்தைத் தள்ளிவிடுமென்க.

எனவே நெடுந்தூரத்திற்கு உகந்த சன்னம் தாமதம் குறைந்த சன்னமாகும். தாமதத்தைக் குறைப்பன இரண்டு. ஒன்று, குறுக்குவெட்டுப் பரப்புக்கு ஏற்ற நிறை. மற்றையது, வளியை எளிதிற் பிளந்துசெல்லும் வடிவம். பழைய ஈயக் குண்டு உருண்டையானது. பின்வந்தவை நீண்டும் முனை மழுங்கியும் இருந்தன. பிரெஞ்சுப் படையினர் 1898 இல் ஏற்றுக்கொண்ட சன்னமோ கூரிய முனையும், படகின் பின்புறம்போற் குறுகிய வாலும் உடையதாயிருந்தது. இன்றைய நெடுந்தூரச் சன்னங்கள் யாவும் அவ்வுருவின் வழிவந்தவையே. வால் குறுகியிருத்தலாற் சன்னத்தின் பின்னே தோன்றும் வெற்றிடச் சுழல் சிறுக்கின்றது. பின்னிழுக்கும் விசையும் குறைகின்றது.

நிறை மிகுந்ததே சிறந்தது என்று எண்ணுதலும் தவறு. 0.264 அங்குல விட்டமுள்ள 140 கிறெயின் சன்னத்தை மேற்கூறிய 175 கிறெயின் சன்னத்தோடு ஒப்பிடுக. நிறையை இறாத்தலாக்கி, விட்டத்தின் வர்க்கத்தால் வகுத்தால் முன்னையதற்கு 0.287 உம் பின்னையதற்கு 0.264 உம் வரும். இலேசான சன்னமே தன் பரப்புக்கு ஏற்ற நிறையில் விஞ்சி நிற்கின்றது. 2007 இல் அறிமுகமாகி இக்காலத்து இலக்காளர் பலர் விரும்பும் 6.5 மில்லிமீற்றர்த் தோட்டாவொன்று இவ்விட்டத்ததே. பழைய திடலை நினைவூட்டும் வண்ணம் அதற்குக் கிறீட்மூர் என்றே பெயர் வழங்குகின்றது.

சன்னம் நீண்டால் அதனை நிலைநிறுத்த மிக்க சுழற்சி வேண்டும். குழலின் உட்புறத்தில் வெட்டப்பட்ட சுருட்பள்ளங்களே அச்சுழற்சியைத் தருகின்றன. சுழலும் பம்பரம் விழாது நிற்பது போலச் சுழலும் சன்னமும் முனை தடுமாறாது செல்கின்றது. இதற்கு ஓர் எளிய வாய்பாட்டைக் கிறீன்கில் என்னும் ஆங்கிலக் கணிதப் பேராசிரியர் 1879 இல் வகுத்தார். சன்னத்தின் விட்டத்தின் வர்க்கத்தை 150 ஆற் பெருக்கி, அதன் நீளத்தால் வகுத்தால், ஒரு சுற்றுக்கு வேண்டிய குழல் நீளம் அங்குலத்திற் கிடைக்கும். நமது 175 கிறெயின் சன்னத்தின் நீளம் ஏறக்குறைய 1.24 அங்குலம். கணித்தால் ஒரு சுற்றுக்கு 11 1/2 அங்குலம் என வரும். அதனினும் மிக மெதுவாகச் சுற்றும் குழலில் அதனை இட்டாற் சன்னம் நிலைதளரும். தன் குழல் எச்சுற்றுடையது என்றறியாது சன்னம் வாங்குபவன், கால் அளவறியாது செருப்பு வாங்குபவனை ஒப்பான்.

இன்னொரு நுட்பமும் உண்டு. ஒலியின் வேகத்தை அணுகுங்காற் சன்னத்தின்மேற் செயற்படும் விசைகள் சடுதியாக மாறுகின்றன. அமெரிக்காவின் சியரா நிறுவனத்தார் ஒரே விட்டத்தில் 168 கிறெயின், 175 கிறெயின் என இரு போட்டிச் சன்னங்களை ஆக்குகின்றனர். முன்னையது 300 மீற்றர்ப் போட்டிக்கென வகுக்கப்பட்டது. அதன் வால் 13 பாகைச் சரிவுடையது. அத்தூரத்தில் அதற்குப் பெரும்புகழ் உண்டு. ஆயினும் 1000 யாரை நெருங்கி ஒலிவேகத்தை அணுகும்போது அது தடுமாறுவதை இலக்காளர் கண்டனர். 9 பாகை வாலுடைய 175 கிறெயின் சன்னம் அவ்விடத்தை அமைதியாகக் கடக்கின்றது. நிறை வேறுபாடு ஏழு கிறெயினே. தொழில் வேறுபாடோ பெரிது. ஒருதூரத்தில் வென்றது எல்லாத் தூரத்திலும் வெல்லும் எனக் கொள்ளலாகாது என்பதற்கு இது சான்றாகும்.

மருந்தைத் தெரிதல்

முற்காலத்துக் கருமருந்து வெடியுப்பு 75, கரி 15, கந்தகம் 10 என்னும் விகிதத்தில் ஆயது. அது பெரும்புகையை எழுப்பிக் குழலிற் கறையைப் படியவிடும். பிரான்சு நாட்டுப் போல் வியெய் 1884 இல் நைதரோசெலுலோசிலிருந்து புகையற்ற மருந்தை ஆக்கினார். இங்கிலாந்தில் 1889 இல் உருவான கோடைற்று நைதரோகிளிசரினையும் சேர்த்து ஆக்கப்பட்டது. இன்றும் மருந்துகள் இவ்விரு குடும்பத்தனவே. நைதரோகிளிசரின் சேர்ந்தது சத்தி மிக்கது. அதன் சுவாலை வெப்பம் மிகுதலாற் குழலை விரைந்து அரிக்கும்.

மருந்துக்கு முதன்மையான பண்பு அது எரியும் விரைவாகும். காவோலை பற்றியவுடன் குபீரென எரிந்து அடங்கும்; புளியங்கட்டை நின்றெரியும். கைத்துப்பாக்கிக்குரிய மருந்து காவோலையை ஒத்தது. றைபிளுக்குரியது கட்டையை ஒத்தது. பாரமான சன்னம் குழலில் மெல்ல நகரத் தொடங்குகின்றது. அதன் பின்னே விரைந்தெரியும் மருந்தை இட்டால், வாயு பரந்துசெல்ல இடம் இல்லாமையால் அமுக்கம் ஒருங்கே ஏறிவிடும். அமுக்கம் ஏற எரிதலும் விரையும். எரிதல் விரைய அமுக்கம் மேலும் ஏறும். மாறாக, இலேசான சன்னத்தின் பின்னே மிக மெதுவான மருந்தை இட்டால் அமுக்கம் போதாமல் மருந்து முற்றும் எரியாது. வேகமும் தோட்டாவுக்குத் தோட்டா வேறுபடும். ஆதலின் சன்னத்தின் நிறை, கூட்டின் கொள்ளளவு, குழலின் விட்டம் ஆகிய மூன்றும் சேர்ந்தே மருந்தின் விரைவைத் தீர்மானிக்கின்றன.

அவ்விரைவை ஆக்குவோர் இரு வழிகளால் அடக்குகின்றனர். முதலாவது மணியின் உருவம். உருண்டை மணி எரிய எரியச் சிறுத்து, எரியும் பரப்புக் குறையும். நடுவே துளையுள்ள குழாய்மணியிற் புறப்பரப்புக் குறையக் குறைய உட்பரப்புக் கூடுதலால், மொத்தப் பரப்பு ஏறக்குறைய மாறாதிருக்கும். இரண்டாவது, மணியின் மேற்புறத்தில் எரிதலை முதலில் மட்டுப்படுத்தும் பூச்சு. அதன்மேற் பென்சிற்கரி என நாம் வழங்கும் காரீயத்தையும் பூசுவர்; மணிகள் ஒட்டாது உருளவும் மின்னேற்றம் தேங்காதிருக்கவும் அது உதவும்.

இவற்றுள் ஒன்றைத் தெரியும்போது நெடுந்தூர இலக்காளர் நோக்குவன மூன்று. கூட்டை ஏறக்குறைய நிரப்பும் மருந்து நன்று. மருந்து கூட்டினுள் அங்குமிங்கும் சரியாமையால் ஒவ்வொரு முறையும் ஒரேவிதமாகத் தீப்பற்றும். தவறி இருமுறை இட்டால் வழிந்து பிழையைக் காட்டிக்கொடுக்கும். காலைக் குளிரிலும் நண்பகல் வெயிலிலும் வேகம் அதிகம் மாறாத மருந்து நன்று. அவுஸ்திரேலியாவில் ஆக்கப்பட்டு அமெரிக்காவில் விற்கப்படும் சில மருந்துகள் இப்பண்பினாலேயே புகழ்பெற்றன. மூன்றாவதாக, தோட்டாவுக்குத் தோட்டா வேகம் ஒத்திருக்கச்செய்யும் மருந்து நன்று.

வேகமும் ஒருமையும்

இம்மூன்றினுள்ளும் இறுதியிற் கூறியதே தலையாயது. நமது எடுத்துக்காட்டிற் புறப்படும் வேகம் செக்கனுக்கு 10 அடி வேறுபட்டால், 1000 யாரிற் சன்னம் ஏறக்குறைய 3 அங்குலம் மேலோ கீழோ செல்லும். வேறுபாடு 30 அடியாயின் உயரத்தில் மட்டும் 9 அங்குலத்துக்கு மேற் சிதறல் உண்டாகும். 100 யாரில் அவ்விரு தோட்டாக்களும் ஏறக்குறைய ஒரே துளையைத் துளைப்பன. அங்கே பிழை மறைந்திருக்கும்.

மருந்தைக் கூட்டி மேலும் 50 அடி வேகத்தைப் பெறுவதினும், உள்ள வேகத்தை ஒழுங்காகப் பெறுவதே மேல் எனத் தேர்ந்தோர் கூறுவதன் பொருள் இதுவே. 0.22 அங்குலச் சிறு தோட்டாவில் இவ்வுண்மையை இன்னும் தெளிவாகக் காணலாம். அவற்றிற் போட்டிக்குரியவை ஒலியினும் மெதுவாகச் செல்வன. அதிவேகத் தோட்டாக்களோ ஒலியை விஞ்சிப் புறப்படுவன. 100 யாரிற் பக்கக் காற்றில் அதிகம் விலகுவது அதிவேகத் தோட்டாவே. ஒலிவேகத்தை அண்டிய இடத்தில் தடை பெருகித் தாமதத்தை வளர்த்துவிடுகின்றது. விரைந்து புறப்பட்டது, தன் விரைவாலேயே மிகுதியாக இழந்தது.

இனி எச்சரிக்கையாக ஒன்று கூறல் வேண்டும். 0.308 அங்குலத் தோட்டாவுக்கு அமெரிக்க உற்பத்தியாளர் வகுத்த அமுக்க எல்லை சதுர அங்குலத்துக்கு 62,000 இறாத்தல். அவ்வெல்லை சுடுபவனின் கண்ணுக்கு ஒரு சாணளவில் நிகழ்வது. சன்னத்தையோ கேப்பையோ கூட்டையோ மாற்றினாலும், சன்னத்தை மேலும் ஆழமாகப் பொருத்தினாலும் அமுக்கம் மாறும். ஆதலின் மருந்தாக்குவோர் வெளியிட்ட அட்டவணையின் தொடக்க அளவிலிருந்து சிறிது சிறிதாக ஏறுதலே முறை. உறுப்பொன்றை மாற்றின் மீண்டும் அடியிலிருந்தே தொடங்குக என்பர். ஒரு மருந்தோடு இன்னொன்றைக் கலத்தலும், பெயரற்ற புட்டியிலுள்ளதைப் பயன்படுத்தலும் பெரும்பிழைகள். றைபிளுக்குரிய கூட்டிற் கைத்துப்பாக்கி மருந்தை நிரப்பியவர் துவக்கே வெடித்து அழிந்ததுண்டு. அதிக அமுக்கத்தின் அறிகுறிகள் கூட்டிலும் கேப்பிலும் தோன்றலாம்; ஆனால் அவை தோன்றுமுன்னரே எல்லை கடக்கப்பட்டிருக்கலாம். நம் நாட்டிற் படைக்கலச் சட்டம் கடுமையானது. ஆதலின் இவ்விதிகளை நாம் அறிவுப்பொருளாகவே கொள்ளத்தக்கோம்.

முடிவுரை

மேற்கூறியவற்றாற் சில உண்மைகள் பெறப்பட்டன. சன்னம் குறைந்த தாமதத்துக்காகவும், குழலின் சுற்றுக்கு இயையவும் தெரியப்படல் வேண்டும். மருந்து அச்சன்னத்துக்கு இயைந்த விரைவினதாய், வெயிலிலும் குளிரிலும் ஒரு தன்மைத்தாய் இருத்தல் வேண்டும். இரண்டையும் சேர்ப்பவன் 0.1 கிறெயின் வரை நிறுத்து, ஒவ்வொன்றையும் குறிப்பேட்டிற் பதிந்து, பத்தாவது தோட்டாவையும் முதலாவதைப் போலவே ஆக்கல் வேண்டும்.

வளியின் தடையைப் புறக்கணியாவிட்டால் என்ன ஆகும் என்று கேட்ட மாணவனுக்கு இப்போது விடை கூறலாம். பரவளைவு சிதையும், கணக்குக் கடினமாகும், 21 அடி 35 அடியாகும். அதற்கும் மேலாக, புறப்படும் வேகத்தைக் கண்டு மயங்காது, வழியில் எவ்வளவை இழக்கின்றோம் என்று கேட்கும் பழக்கம் உண்டாகும். றொபின்சு தமது ஊசலைத் துவக்கினின்று தள்ளித் தள்ளி வைத்தபோது கேட்ட கேள்வியும் அதுவே. அன்று அம்மாணவன் எழுந்து வினவியிராவிடின் யானும் இவற்றைக் கற்றிருக்கமாட்டேன். பாடநூல் புறக்கணிக்கச் சொல்வதைப் புறக்கணியாது கேட்கும் மாணவர் நம் வகுப்பறைகளில் மேலும் பெருகுவாராக.